மதுச்சட்டமும் சிற்றுற்பத்தியும்: தாய்லாந்தின் கைவினைப் பியர் பற்றிய ஒரு நோக்கு

மது பற்றி எழுதப்படும் ஆய்வுகளிற் பெரும்பாலானவை அருந்துவோனையே பொருளாகக் கொண்டவை. அவன் எவ்வளவு அருந்துகிறான், எதனால் அருந்துகிறான், அதனால் அவனது குடும்பத்துக்கு நேர்வதென்ன என்பனவே அவற்றின் வினாக்கள். இவ்வினாக்கள் வேண்டாதவை எனக் கூறுவார் எவருமிலர். ஆயின் மதுச்சட்டம் என்பது அருந்துவோனை நோக்கி ஒரு முகத்தையும், ஆக்குவோனை நோக்கி மற்றொரு முகத்தையும் கொண்டது. இரண்டாவது முகம் நமது கவனத்துக்கு அரிதாகவே உள்ளாகியிருக்கிறது. யார் மது ஆக்கலாம், எவ்வளவு ஆக்க வேண்டும், ஆக்கியதை மக்களுக்கு எவ்வாறு அறிவிக்கலாம் என்பவற்றைச் சட்டம் வரையறுக்கும்போது அது ஒழுக்கத்தை மட்டும் வரையறுப்பதில்லை, சந்தையையும் வரையறுத்துவிடுகிறது. தாய்லாந்திற் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உருவாகிய கைவினைப் பியர் இயக்கத்தின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுவது.

கைவினைப் பியர் என இங்கு குறிக்கப்படுவது, பெருந்தொழிற்சாலைகளின் ஒரேவகைப் பியருக்கு மாறாக, சிறு கலன்களில், சிறு தொகையாக, ஆக்குவோரின் சுவைக்கும் தேர்ச்சிக்கும் ஏற்ப ஆக்கப்படும் பியராகும். அதற்கு வேண்டியவை நான்கே: நீர், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, ஹொப் பூ, மதுவம். வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து அதன் மாப்பொருளைச் சீனியாக்கி, வடித்தெடுத்த சாற்றை ஹொப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் இட்டு நொதிக்கவிட்டால் சில வாரங்களிற் பியர் கிடைத்துவிடும். வீட்டு அடுக்களையில் 20 லீற்றர்க் கலனொன்றில் இதனைச் செய்யலாம். எனவே நுழைவதற்கு அரிதான தொழில்நுட்பம் இத்தொழிலில் இல்லை. ஒரு நாட்டிற் பியர் ஆக்குவோர் இருவராகவோ மூவராகவோ இருப்பராயின், அதற்குரிய காரணத்தை வேறிடத்திற் தேடவேண்டும்.

தாய்லாந்தில் அந்நிலை உருவாகிய விதம் வருமாறு. 1932இல் முழுமுடியாட்சி வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே பாங்கொக்கில் சாவ் பிரயா நதியின் குறுக்கே நினைவுப் பாலம் திறக்கப்பட்டது. நதியில் படகுச்சேவை நடத்திவந்த பிரயா பிரொம்பக்தி என்னும் பிரமுகர், பாலத்தினாற் தமது தொழில் நலிவடையும் என உணர்ந்து, பியர்த் தொழிலில் இறங்கினார். 1933இல் அவர் தாபித்த பூன் ராவ்ட் நிறுவனத்தின் சிங்கா பியர், அடுத்துவந்த அறுபதாண்டுகளுக்குப் பெரும் போட்டியின்றிச் சந்தையை ஆண்டது. வடிமதுத் துறையிலோ அரசே உரிமையாளனாக இருந்து, வடிசாலைகளைக் குத்தகைக்கு விட்டுவந்தது. 1999ஆம் ஆண்டின் முடிவுவரை நீடித்த இக்குத்தகை முறையிற் செல்வம் திரட்டிய சாரூன் சிரிவதனபக்தி என்பவரின் குழுமம், 1995இல் சாங் என்னும் மலிவான பியரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே சாங் விற்பனையில் சிங்காவை முந்தியது. அதன்பின் நாட்டில் விற்பனையாகும் பியரிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவ்விரு குழுமங்களுக்கும் உரியதாயிற்று. யானையும் சிங்கமும் நீர்ப்பந்தலைப் பங்கிட்டுக்கொண்டன எனலாம்.

இப்பங்கீட்டைச் சந்தைப் போட்டியின் இயல்பான விளைவென்று கொள்ளலாகாது. 1950ஆம் ஆண்டின் மதுச்சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குவதையும், அதற்கான கருவிகளை வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. அனுமதிப்பத்திரம் பெறுவதற்குரிய நிபந்தனைகளை அமைச்சின் ஒழுங்குவிதிகள் வகுத்தன. அவற்றின்படி பியர் ஆக்க விரும்புவோர் 10 மில்லியன் பாத் பதிவு மூலதனம் உடைய கம்பனியாக இருத்தல் வேண்டும். தாம் ஆக்குவதைத் தமது உணவகத்திலேயே விற்பதாயின் ஆண்டுக்குக் குறைந்தது 100,000 லீற்றர் ஆக்குதல் வேண்டும். புட்டியிலடைத்து வெளியே விற்பதாயின் ஆண்டுக்குக் குறைந்தது 10 மில்லியன் லீற்றர்.

இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குதல் நன்று. 10 மில்லியன் லீற்றர் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 27,400 லீற்றர். 330 மில்லிலீற்றர்ப் புட்டிகளாயின் நாளொன்றுக்கு 83,000 புட்டிகள். அடுக்களையில் 20 லீற்றர்க் கலனுடன் தொடங்கும் ஒருவர், தமது பியரை ஊர்க்கடையொன்றில் வைத்து விற்க முதல் ஆண்டிலேயே இவ்வளவை ஆக்கவேண்டும். மதுவைக் கட்டுப்படுத்துவதற்கென எழுந்த சட்டமொன்று உச்ச அளவை விதித்திருந்தால் அதன் தர்க்கம் விளங்கும். இச்சட்டம் விதித்ததோ குறைந்தபட்ச அளவை. ‘இதற்கு மேல் ஆக்காதே’ என்று கூறவேண்டிய சட்டம் ‘இதற்குக் கீழ் ஆக்காதே’ என்று கூறியது. இவ்வொரு விடயத்திலேயே சட்டத்தின் வர்க்க உள்ளடக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. சில உற்பத்தியாளரிடமிருந்து வரி அறவிடுதல் அரசுக்கு எளிது. பலரிடமிருந்து அறவிடுதல் கடினம். அரசின் வரிவசதியும் பெருமூலதனத்தின் நலனும் ஒன்றோடொன்று இசைந்துபோன இடத்திலே இவ்விதி பிறந்தது.

கிராமப்புற வடிமதுவின் நிலை வேறொரு வகையில் இதனை உறுதிப்படுத்துகிறது. குத்தகை முறை முடிவுற்றபின், இந்நூற்றாண்டின் முதலாண்டுகளிற் கிராமச் சமூகங்கள் அரிசிக் கள்ளும் வெண்சாராயமும் ஆக்க அனுமதிக்கப்பட்டன. ஆனால் 5 குதிரைவலுவுக்கும் 7 தொழிலாளருக்கும் உட்பட்ட முயற்சியாகவே அது இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பியர் இவ்வனுமதிக்குள் அடங்கவில்லை. ஆக, நகரத்துப் பியர் ஆக்குவோன் பெரியவனாக இருந்தாலன்றித் தொழிலில் நுழைய முடியாது. கிராமத்துச் சாராயம் வடிப்போன் சிறியவனாக இருக்கும்வரையே தொழிலில் நிலைக்க முடியும். சிறியவன் பெரியவனாக வளரும் வழி இரு துறைகளிலும் அடைக்கப்பட்டது.

இத்தகைய சட்டத்தின் கீழ் வளர்ந்த கைவினைப் பியர், பிற நாடுகளிற் காணப்படாத சில இயல்புகளைப் பெற்றது. அவற்றுள் முதன்மையானது மறைவு. பாங்கொக்கின் வடபுறத்தே, நொந்தபுரி மாகாணத்தில், சாவ் பிரயா நதியின் நடுவே கோ க்ரெற் என்னும் சிறு தீவு உண்டு. மொன் இனத்துக் குயவர்களின் மட்பாண்டங்களாற் பெயர்பெற்ற இடம் அது. அங்கே விசித் சாய்க்ளாவ் என்பவர் சித் பீர் என்ற பெயரிற் பியர் ஆக்கியதோடு, ஆக்கும் முறையை விரும்பியோருக்குக் கற்பித்தும் வந்தார். வார இறுதிகளில் மக்கள் படகேறிச் சென்று கற்றனர். அதிகாரிகள் வந்தபோது தண்டம் செலுத்துவதும், அவர்கள் சென்றபின் மீண்டும் தொடங்குவதுமாகத் தொழில் நடந்தது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றி ஆக்குவதற்கு உச்சத் தண்டம் 5,000 பாத். அரைநூற்றாண்டுக்கு முன் கடுமையாகத் தோன்றிய இத்தொகை, பணவீக்கத்தாற் தேய்ந்து, தொழிற்செலவுகளுள் ஒன்றாக மாறியிருந்தது. 2017இல் வந்த புதிய மதுவரிச் சட்டம் அதனை 100,000 பாத்தாக உயர்த்தியது. சட்டம் தளர்ந்திருந்த இடைவெளியிற் தழைத்த இயக்கத்துக்கு அவ்வுயர்வு பலத்த அடியாயிற்று.

ஆயினும் மறைவில் வளர்ந்தமையால் ஒரு நன்மையும் விளைந்தது. விற்க முடியாதவர் கற்பித்தார். விளம்பரம் செய்ய முடியாதவர் நண்பர்களைச் சேர்த்தார். வணிக இரகசியமாகப் பேணப்பட்டிருக்கக்கூடிய நுட்பம், தடையின் காரணமாகவே பலருக்கும் பொதுவாயிற்று. கோ க்ரெற்றில் ஒரு தொழிற்கூடத்தைக் காட்டிலும் ஒரு பள்ளியே முக்கியமானதாக அமைந்தமை தற்செயலன்று.

இரண்டாவது இயல்பு, புலம்பெயர் உற்பத்தி. தாய்நாட்டில் 10 மில்லியன் லீற்றர் ஆக்க இயலாதவர்கள் கம்போடியாவுக்கும் வியட்நாமுக்கும் தைவானுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தமது செய்முறைகளைக் கொண்டுசென்று, அங்குள்ள ஆலைகளில் ஆக்குவித்து, புட்டிகளைத் தாய்லாந்துக்கு இறக்குமதி செய்தனர். கம்போடியாவின் கோ கொங் மாகாணம் தாய்லாந்தின் எல்லையை அடுத்தது. எல்லைக்கு அப்பால் ஆக்கப்பட்ட பியர் எல்லையைக் கடந்ததும் சட்டபூர்வமான பண்டமாயிற்று. புக்கெற் தீவைச் சேர்ந்த நிறுவனமொன்றின் சாலவான் என்னும் பியர் அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பட்டது. அது சர்வதேசப் போட்டியிற் பரிசும் பெற்றது. பெயர் தாய்லாந்துக் கதையொன்றின் முதலையரசனுக்குரியது. சுவை தாய்லாந்து மக்களுக்கென வகுத்தது. புட்டியிலுள்ள முகவரி மட்டும் அயல்நாட்டினது. இதனால் இலாபமடைந்தோர் யாவர்? ஆலைத் தொழிலாளருக்குரிய வேலையும், ஆக்கக் கட்டணமும், அயற் கைத்தொழில்களின் வளர்ச்சியும் பிற நாடுகளுக்குச் சென்றன. தாய்லாந்து அரசுக்குக் கிடைத்தது எல்லையில் அறவிட்ட வரி மட்டுமே. அருந்தப்பட்ட மதுவின் அளவோ இதனாற் குறையவில்லை.

விலையும் உயர்ந்தது. கப்பற்கூலியோடு, 2017ஆம் ஆண்டின் மதுவரி முறையில் பியருக்கு விலையின் நூற்றுக்கு 22 வீதமும், அதற்கு மேலாகத் தூய மதுசாரத்தின் ஒவ்வொரு லீற்றருக்கும் 430 பாத்தும் விதிக்கப்பட்டன. விலையின் மீது விதிக்கப்படும் வரி, பேரளவாக மலிவாய் ஆக்குவோனுக்குச் சிறிதாகவும், சிற்றளவாக ஆக்குவோனுக்குப் பெரிதாகவும் அமைதல் வெளிப்படை. பாங்கொக்கின் நாட்கூலி 350 பாத்தை எட்டிய 2022ஆம் ஆண்டளவில், நகரின் கைவினைப் பியர்க் கடைகளில் ஒரு குவளைக்கு 200 பாத்தும் அதற்கு மேலும் கேட்கப்பட்டது. தொழிலாளியின் பானம் சாங்காகவே இருந்தது. இவ்வியக்கத்தை மக்களியக்கம் என்று விதந்து கூறுவோர் இதனையும் கருத்திற் கொள்ளவேண்டும். அடிப்படையில் இது படித்த நடுத்தர வகுப்பினரின் தொழிலுரிமைக் கோரிக்கையே. அதனாலேயே அது நியாயமற்றதாகிவிடாது. ஆனால் அதன் சமூக அடித்தளத்தை மறைப்பதிற் பயனில்லை.

மூன்றாவது இயல்பு விளம்பரத் தடையால் வந்தது. 2008ஆம் ஆண்டின் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, மதுபானத்தின் பெயரையோ சின்னத்தையோ அருந்தத் தூண்டும் வகையிற் காட்டுவதைத் தடைசெய்தது. மீறினால் ஓராண்டு வரையிலான சிறை, அல்லது 500,000 பாத் வரையிலான தண்டம், அல்லது இரண்டும். நமது நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடுத்துள்ளது. போயா நாட்களில் விற்பனை நிறுத்தப்படுகிறது. தாய்லாந்திலும் பௌத்த விழாநாட்களில் விற்பனை தடுக்கப்பட்டு வந்தது. ஆகவே இத்தகைய சட்டங்களின் நோக்கம் நமக்கு அந்நியமானதன்று. எனினும் தாய்லாந்தில் நிகழ்ந்ததை நோக்குக. பெருங்குழுமங்கள் ஏறத்தாழ ஒரே சின்னத்தைக் குடிநீர்ப் புட்டியிலும் சோடாப் புட்டியிலும் பொறித்து, அவற்றை விளம்பரம் செய்தன. உதைபந்தாட்ட அரங்கிற் சின்னம் தெரிந்தால் அது தண்ணீருக்குரியது என்று கூறமுடிந்தது. தண்ணீர் விற்காத சிற்றுற்பத்தியாளர் தமது பியரின் பெயரைச் சமூக ஊடகத்தில் எழுதினாலே குற்றவாளியாயினர். அருந்தியவர் ஒரு குவளையின் படத்தை வெளியிட்டமைக்காகவும் தண்டம் கேட்கப்பட்டது. 2020இல் இத்தகைய அழைப்பாணைகள் பெருகியபோது பொதுமக்களிடையே பலத்த எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசெம்பரில், பெருந்தொற்றுக் காலத்திற் கடைகள் மூடப்பட்டுவந்த வேளையில், இணையவழி மது விற்பனையும் தடைசெய்யப்பட்டது. பெருங்குழுமங்களின் புட்டிகள் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் இருந்தன. சிறியவர்களுக்கு இணையமே கடையாக இருந்தது.

இந்நிலையிலே தொழிற்கோரிக்கை அரசியற் கோரிக்கையாக மாறியது. தம்மசாத் பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரியான தாவோபிபொப் லிம்ஜித்ரக்கோன், வீட்டிற் பியர் ஆக்கியமைக்காக 2017 ஜனவரியிற் கைதாகித் தண்டிக்கப்பட்டார். இராணுவ ஆட்சியின் கீழ் நிகழ்ந்த அக்கைது பத்திரிகைகளிற் பெரிதும் பேசப்பட்டது. 2019 தேர்தலில் அவர் எதிர்காலம் நோக்கிய புதிய கட்சியொன்றின் சார்பிற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 2020இல் அக்கட்சி நீதிமன்றத்தாற் கலைக்கப்பட்டபின், அதன் வழிவந்த கட்சியிலிருந்து ‘முற்போக்கு மது’ மசோதா எனப் பெயர்பெற்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். 2022 ஜூனில் முதல் வாசிப்பில் அது ஏற்கப்பட்டது. இறுதி வாக்கெடுப்பு நவம்பர் 2ஆம் நாள் நிகழ்ந்தது. ஆதரவாக 194 வாக்குகள், எதிராக 196, வாக்களியாதோர் 15 பேர். இரண்டு வாக்குகளால் மசோதா தோற்றது.

அதற்கு முதல்நாளே அமைச்சரவை புதிய ஒழுங்குவிதியொன்றை அங்கீகரித்திருந்தது. மசோதாவின் தேவையை இல்லாமற் செய்யும் உபாயம் அது என்பதிற் பலருக்கும் ஐயமில்லை. அவ்விதி 10 மில்லியன் பாத் மூலதன நிபந்தனையையும் குறைந்தபட்ச உற்பத்தி அளவையும் நீக்கியது. 20 வயது நிறைந்தோர் அனுமதி பெற்று, விற்பனைக்கன்றி, ஆண்டுக்கு 200 லீற்றர் வரை வீட்டில் ஆக்கலாம் என்றது. கிராம வடிசாலைகள் 50 குதிரைவலுவும் 50 தொழிலாளரும் வரை வளரலாம் என்றது. அதேவேளை பியர் ஆலைகளுக்குச் சுற்றாடல் தொடர்பான கடும் நிபந்தனைகளை வைத்தது. மூலதனம் என்ற சொல் விதியிலிருந்து அகன்றது. மூலதனத்தின் தேவை அகலவில்லை.

இங்கு சுகாதாரத் தரப்பின் வாதத்தைச் செவிமடுத்தல் அவசியம். தாய்லாந்தின் மதுவெதிர்ப்பு இயக்கம் பெருமுதலாளிகளின் கைப்பாவையன்று. சாங் பியரை ஆக்கும் குழுமம் 2005இல் பாங்கொக் பங்குச் சந்தையில் இடம்பெற முயன்றபோது, பிக்குகளும் இல்லறத்தாரும் திரண்டு எதிர்த்தனர். அடுத்த ஆண்டில் அக்குழுமம் சிங்கப்பூர்ச் சந்தையை நாடிச் செல்ல நேர்ந்தது. மது, புகையிலை வரிகளின் மேல் விதிக்கப்படும் 2 வீத மேலதிக அறவீட்டால் இயங்கும் சுகாதார மேம்பாட்டு நிதியம் 2001 முதல் மதுவின் கேடுகளை இடைவிடாது எடுத்துரைத்து வந்துள்ளது. வீதி விபத்துகளும் குடும்ப வன்முறையும் கற்பனையல்ல. கைவினைப் பியரிலுள்ள மதுசாரமும் மதுசாரமே. பலவேளைகளில் அது ஆலைப் பியரிலும் செறிவானது. உற்பத்தியாளர் பெருகினால் நுகர்வும் பெருகும் என்ற அச்சத்தை நகைத்து ஒதுக்குதல் பொறுப்பான ஆய்வாகாது.

ஆயினும் இரு விடயங்களைப் பிரித்தறிதல் வேண்டும். 2024 ஓகஸ்ற்றிற் பாங்கொக்கில் மெதனோல் கலந்த மூலிகைச் சாராயம் அருந்திப் பலர் இறந்தபோது, சிறு உற்பத்தியே ஆபத்து என்ற குரல் எழுந்தது. நொதித்தலால் மட்டும் ஆக்கப்படும் பியரிற் கொல்லக்கூடிய அளவு மெதனோல் தோன்றுவதில்லை. தொழிற்றேவைக்குரிய மெதனோலைச் சாராயத்தோடு கலப்பவனாலேயே பெரும்பாலான சாவுகள் நேர்கின்றன. கசிப்பின் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. மறைவிற் செய்யப்படும் தொழிலைப் பரிசோதகர் அணுக முடியாது. அனுமதிக்கப்பட்ட தொழிலை அணுக முடியும். அடுத்தது, நுகர்வைக் குறைக்கும் கருவிகள் வேறு, உற்பத்தியாளரைக் குறைக்கும் கருவிகள் வேறு. வரி, விற்பனை நேரம், வயதெல்லை, சாரதிகளின் மீதான சோதனை ஆகியவை முதல்வகை. மூலதன நிபந்தனையும் குறைந்தபட்ச அளவும் இரண்டாம் வகை. தாய்லாந்து முதல்வகைக் கருவிகளையும் கொண்டிருந்தது. 1972இல் இராணுவ ஆட்சி பிறப்பித்த ஆணையொன்றின் வழிவந்த பிற்பகல் விற்பனைத் தடை அரைநூற்றாண்டுக்கு மேல் நிலவியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், தடைநேரத்தில் அருந்துவோருக்கும் 10,000 பாத் தண்டம் விதிக்க வழிசெய்தது. கடைக்காரரும் உல்லாசப் பயணத் துறையினரும் கூக்குரலிடவே, அடுத்த மாதத்திற் பிற்பகல் தடை பரீட்சார்த்தமாகத் தளர்த்தப்பட்டது. இவை பற்றி இருபக்கமும் வாதிடலாம். இரண்டாம் வகைக் கருவிகளைச் சுகாதாரத்தின் பெயரால் நியாயப்படுத்துவது மட்டும் இயலாது. 83,000 புட்டிகள் ஆக்குவோனிலும் 80 புட்டிகள் ஆக்குவோன் மக்களின் ஈரலுக்கு அதிக கேடு விளைவிப்பான் என்று எவரும் நிறுவியதில்லை.

நமது நாட்டின் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச்சட்டத்தின் கீழ்க் கள்ளிறக்கும் தொழிலாளி பெற்ற அனுபவத்தை ஆராய்வோருக்கும் இவ்வேறுபாடு பயன்படக்கூடும். அங்கும் மரம், முட்டி, தவறணை ஆகிய மூன்றும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டன. ஆயின் பனைமரம் அடுக்களைக் கலனைப்போல மறைத்துவைக்கக்கூடியதன்று. அத்தொழிலின் சாதியடிப்படையும் தாய்லாந்தின் நடுத்தர வகுப்புப் பியர் ஆக்குவோரின் நிலையோடு ஒப்பிடத் தக்கதன்று. அது தனியே ஆராயப்பட வேண்டிய பொருள்.

2022இன் விதிமாற்றத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு குறிப்பிடலாம். குறைந்தபட்ச அளவு நீங்கியதும் அயல்நாட்டில் ஆக்குவித்த சிலர் நாடு திரும்பும் வழிகளை ஆராய்ந்தனர். பரிசோதனை, கழிவுநீர், காணி வகைப்பாடு ஆகிய நிபந்தனைகள் ஒவ்வொன்றும் காலத்தையும் பணத்தையும் வேண்டின. ஆனால் மறு ஆண்டு நவம்பரில் நாடளாவிய அளவிற் பியர்ச் சந்தையில் நுழைந்த புதியவர் கோ க்ரெற்றிற் பயின்ற எவருமல்லர். ஊக்கபானத்தாற் செல்வம் திரட்டிய கராபாவ் குழுமத்தினரே அவர். 1999 முதல் பாங்கொக்கிற் ‘தவாந்தாங்’ என்ற ஜேர்மன் பாணி உற்பத்தி உணவகத்தை நடத்திவந்தவர்கள் அவர்கள். ஊக்கபானத்தை நாட்டின் மூலைமுடுக்கெங்கும் கொண்டுசென்ற விநியோக வலையும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. சந்தையின் கதவு திறக்கப்பட்டபோது அதன் அருகே நின்றவர்கள் அவர்களே. 20 லீற்றர்க் கலனுடன் இருந்தவர் ஆண்டுக்கு 200 லீற்றர் ஆக்கித் தமது வீட்டில் அருந்தும் உரிமையைப் பெற்றார். அதனை விற்கும் உரிமை அவ்வனுமதியில் அடங்கவில்லை.